நத்தைக்கும் குளிரும்

பிள்ளை இல்லாத குறைக்குத்தான் நான் நத்தை வளர்த்தேன் என்று சொல்லும் ஆட்கள் கல்முனைக்குடியில் இன்றைக்கும் இருக்கிறார்கள். கலியாணம் முடித்துச் சில வருடங்களாகியும் பிள்ளை இல்லை என்பது உண்மை. நத்தை வளர்த்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது ஊர். எனக்கு அந்தப் பிராணியைப் பிடித்திருந்தது, வளர்த்தேன். ஆண்கள் புறா வளர்த்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாரியில், பள்ளித் தோட்டத்துக் கீரையையும் பயற்றங்கொடியையும் பெரிய ஆபிரிக்க நத்தைகள் மொட்டையடித்துவிட்டன. பள்ளி அதிபர் உப்பு வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு சிரட்டையோடு தோட்டத்தில் இறங்கினார்கள். உப்புப் பட்டதும் நத்தை நுரைத்து நுரைத்துச் சுருங்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். தோட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை. மதிலோரம் ஒட்டிக்கிடந்த மூன்றைப் பிய்த்தெடுத்து, சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீடு என் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணின் பெயரில்தான் எழுதப்படும். மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். என் மாப்பிள்ளை, நான் மச்சான் என்று கூப்பிடுபவர், வந்து குடியிருந்து, இரண்டாம் வருடமே சவூதிக்குப் போய்விட்டார். பெண்பிள்ளை தனியே இருக்கக்கூடாது என்று அவருடைய மூத்த சகோதரி, என் மதினி, வந்து என்னோடு தங்கினார். கணவரை மௌத்தில் இழந்தவர். அதற்கும் முன்னால், குப்பி விளக்குச் சரிந்து அவருடைய ஓலை வீடு எரிந்து போயிருந்தது. மீன் ஆணம் காய்ச்சினால் அடுத்த வளவுக்கு வாசம் போகும். நல்ல மனுசி. ஆனால் நத்தையைக் கண்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதுக்கு எங்க புள்ள இடம்?"

"முன்னறையில மதினி."

"மனுசர் வந்து போற அறையிலயா? வானத்து மலக்குமார் வருவாங்களா இந்த ஊட்டுக்கு?"

"அது நாய் இரிக்கிற ஊட்டுக்குச் சொன்னது மதினி. நத்தைக்கு ஒண்டும் சொல்லல்ல."

தேநீர்க் கடை வைத்திருந்த என் மூத்த சகோதரர், எங்கள் பேச்சில் காக்கா, வடை வைக்கிற பழைய கண்ணாடிப் பெட்டியொன்றை வீசப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அதை வாங்கி வந்தேன். பெட்டியின் அடித்தட்டுத் தகரம், சுற்றிவரக் கண்ணாடி. உள்ளே ஈர மண் பரப்பி, ஓட்டுக்கு வலு வேண்டுமென்பதால் முட்டைக் கோதை நொறுக்கித் தூவினேன். கீரைத் தண்டு, பப்பாசித் தோல், வெள்ளரிக்காய் எல்லாம் தின்றன. மாலையில் கண்ணாடியில் ஏறி, கொம்பை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். நான் பாடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு பார்த்திருப்பேன். தொட்ட பிறகு சவுக்காரம் போட்டுக் கை கழுவுவேன். தொழுகைப் பாய் உள்ளறையில் இருந்தது.

மார்கழியில் வாடைக்காற்று இறங்கியது. மழை விடாமல் அடித்தது, சுவரெல்லாம் கசிந்தது, தரையில் கால் வைக்க ஏலாத குளிர். நத்தைகள் சாப்பாட்டைத் தொடவில்லை. ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயிலை வெள்ளைத் தோல் போட்டு மூடிக்கொண்டன. குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். கண்ணாடிப் பெட்டியை மேல்பக்கம் பலகையில்லாத ஒரு பக்கீஸ் மரப்பெட்டியின் மேல் தூக்கி வைத்து, அதற்குள்ளே சின்ன மண்ணெண்ணெய் விளக்கொன்றைக் கொளுத்தி வைத்தேன். அடித்தகரம் இளஞ்சூடானது. எனக்குச் சந்தோசம்.

அந்திக்கு மஃரிபு தொழுதுகொண்டிருக்கும்போது மதினி என்னைக் கூப்பிட்ட சத்தம் சாதாரணச் சத்தமில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு ஓடினேன். பக்கீஸுக்குள் விரித்திருந்த பழைய பத்திரிகையில் நெருப்பு. மதினி சுவரோடு ஒட்டி நின்றார். வாய் அசைந்தது, கால் அசையவில்லை. வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். பலகை கருகியது, ஒரு கண்ணாடி வெடித்தது, அவ்வளவுதான்.

மண்ணைக் கிளறிப் பார்த்தபோதுதான் பெரிய நத்தை செத்துக் கிடப்பதைக் கண்டேன். அடித்தகரத்தில் ஒட்டிக் கிடந்தது. சூடு தாங்காத நத்தை, தப்புவதற்கு மண்ணைத் தோண்டிக் கீழே இறங்கும். மேலே சூடென்றால் அது தப்பும். நான் சூட்டைக் கீழே வைத்திருந்தேன். அது தப்பி ஓடியது நெருப்பை நோக்கி.

"இப்ப சரிதானே. மிச்சத்த வெளிய எறி," என்றார் மதினி.

"விளக்க எறியிறன் மதினி. நத்தைய எறிய மாட்டன்."

அந்தக் காலத்தில் சவூதிக்கும் ஊருக்கும் இடையில் கசட்தான் போய்வரும். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் பேசிப் பதிவு செய்வோம். அந்த வெள்ளி மதினி எதையும் ஒளிக்கவில்லை. நான் பக்கத்தில் இருக்கவே ஒலிப்பதிவுப் பெட்டியைத் தட்டிப் பேசினார்.

"தம்பி, உன்ட பொண்டாட்டி ஊட்டுக்குள்ள நத்தை வளக்கிறா. அதுக்குச் சூடு காட்டப் போய் ஊடு எரியப் பாத்திச்சி. நான் சொன்னாக் கேக்கிறா இல்ல. நீ ஒரு சொல் சொல்லு."

பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளினார். "நீயும் கதை."

"மச்சான், மதினி சொன்னதெல்லாம் சரி," என்றேன். "நெருப்புப் புடிச்சது என்ட பிழை. இனி விளக்கு வைக்க மாட்டன். நத்தை இரிக்கும்." பதிவை நிறுத்தினேன்.

மறுமொழிக் கசட் வரும்வரை நான் சும்மா இருக்கவில்லை. மருந்துக் கடைக்குப் போய் ரப்பர் சுடுதண்ணிப் பை கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "வயித்து நோவா டீச்சர்?" என்றார்.

"நத்தைக்கு."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓமென்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். எதற்காக? பின்னேரத்து அஸர் தொழுகைக்குள் செய்தி கடற்கரை வரைக்கும் போய்விட்டது. பாதையில் போகையில் இளந்தாரிகள் சிலர் முதுகில் கூடையைச் சுமந்து ஊர்ந்து காட்டினார்கள். நான் நின்று பார்த்துவிட்டு, "கொம்பு இல்லயே" என்றேன். அதற்குப் பிறகு ஊரவில்லை.

சுடுதண்ணிப் பையைத் துணியில் சுற்றி, பெட்டிக்கு வெளியே ஒரு பக்கத்துக் கண்ணாடியில் சாய்த்து வைத்தேன். நல்ல முறைதான், ஆனால் சீக்கிரம் ஆறிவிடும். ஆகவே ஊரில் வயரிங் வேலை செய்பவரைக் கூப்பிட்டு, பெட்டிக்குள் ஒரு பல்ப் போடச் சொன்னேன்.

"உள்ளுக்குப் போடேலா டீச்சர். தண்ணி பட்டா பல்ப் வெடிக்கும். வயர் நனைஞ்சா உங்களையும் கொல்லும்."

"அப்ப வெளிய போடுவம்."

இருவருமாக யோசித்துச் செய்தோம். ஒரு பெரிய பிஸ்கட் தகரப் பேணிக்குள் சின்ன பல்ப். பேணியில் காற்றுப் போக ஓட்டைகள். பெட்டியின் பக்கக் கண்ணாடிக்கு நேரே, தட்டினாலும் விழாதபடி சுவரில் ஆணியடித்து இறுக்கினோம். கீழே ஒன்றும் வைக்கவில்லை. வயர் தரையில் படாமல் உயரத்தில் போனது. பக்கத்தில் கடதாசி இல்லை, துணி இல்லை, திரைச்சீலையையும் கழற்றிவிட்டேன். பெட்டியின் ஒரு பாதிதான் சூடாகும். மறுபாதி குளிராகவே இருக்கும். எது வேண்டுமென்று நத்தையே போய்ப் பார்க்கட்டும். சூட்டில் மண் காய்ந்தால் குளிரை விடக் கேடு என்பதால் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். அதிபரிடம் கேட்டு ஆய்வுகூடத்து வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். வெளியே போகும்போது சுவிட்சை அணைத்துவிடுவேன். அந்த நேரத்துக்குச் சுடுதண்ணிப் பை.

மதினி போக வர, பேணியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். நத்தைக்காக இல்லை, வீட்டுக்காக. நான் தடுக்கவில்லை. அந்தக் கை மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது.

நத்தைகள் இரண்டும் வாயிலைத் திறந்தன. முதலில் சூட்டுப் பக்கம் வந்தன, பிறகு நடுவில் தங்கின. கீரை தின்றன.

மச்சானின் கசட் வந்தது. இருவரும் ஒன்றாக இருந்து கேட்டோம். சுகம் விசாரித்த பிறகு சொன்னார்: "அந்த அருவருப்பு நான் வாறத்துக்குள்ள ஊட்ட உட்டு வெளிய போகணும்."

"கேட்டியா?" என்றார் மதினி.

"கேட்டன்."

மச்சான் விடுமுறையில் வந்தபோதும் மழைக்காலம்தான். கம்பளி, வாசனைத் தைலம், பேரீச்சம்பழம் என்று பெட்டிகள் இறங்கின. முன்னறைக்குள் வந்தவர் பேணியின் வெளிச்சத்தைப் பார்த்து நின்றார்.

"இன்னும் இரிக்கா?"

"ஓம்."

"நான் சொன்னது கேக்கல்லயா?"

"கேட்டிச்சி மச்சான். தெளிவாத்தான் இரிந்திச்சி."

"அப்ப?"

"உங்களுக்கு அருவருப்பெண்டா அந்தப் பக்கம் போகாதீங்க. இது என்ட ஊடு."

எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்தான் அது. ஆனால் எந்தப் பொண்டாட்டியும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தன் உம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டார். பெட்டிகள் கட்டவிழ்க்காமல் கிடந்தன.

மதினியும் தம்பியின் பின்னால் போவார் என்று நினைத்தேன். அவர் அடுப்படிக்குப் போய் அரிசி கழுவினார்.

"நீ சொன்னது கூடிப்போச்சி," என்றார் என்னைப் பார்க்காமல். "அவன் போனதும் கூடிப்போச்சி. ஊடு இல்லாம இரிந்து பாத்திருக்கிறன் நான். வந்த ஊட்ட உட்டுட்டுப் போறவனுக்கு என்ன தெரியும்?"

அவரை அழைத்துவரச் சொல்லி என் உம்மாவும் காக்காவும் என்னை நெருக்கினார்கள். நத்தையை எறிந்துவிட்டுப் போய்க் கூப்பிடு என்றார்கள். நான் போகவில்லை. பயம் இருந்தது. பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நின்று என்ன எழுத வந்தேன் என்று மறந்தேன். ஆனாலும் மாலையில் வந்து தண்ணீர் தெளித்தேன்.

ஒரு பகல், சோறு போடும் நேரத்துக்கு மச்சான் வந்து உட்கார்ந்தார். மதினியின் மீன் ஆணத்தை ஊற்றிச் சாப்பிட்டார். கை கழுவியபின் சொன்னார், "கூட்டாளிமார் வருவாங்க. அந்தப் பெட்டியையும் பேணியையும் ஒரு சீலையால மூடியாவது வை."

"சீலை போடேலா மச்சான். நெருப்புப் புடிக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மதினி அடுப்படியில் இருந்து, "ஓம், போடேலாதான்" என்றார். மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியவில்லை. கூட்டாளிமார் வந்தார்கள். தேநீரை ஆறவிட்டு, பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து நத்தையைத்தான் பார்த்தார்கள். மச்சான் கடைசிவரை அந்தப் பெட்டியைத் தொடவில்லை. எறியச் சொல்லவுமில்லை.

அவர் திரும்பிப் போன பிறகு ஒரு நத்தை மண்ணுக்குள் முட்டையிட்டது, மஞ்சள் பாரித்த சின்ன மணிகள் கும்பலாக. அவ்வளவும் பொரித்தால் அயல் தோட்டங்களுக்குச் சாவுமணி. தோட்டக்காரரின் கோபம் நியாயமானது. சிலதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொதிநீரில் போட்டேன். வைத்தவை பொரித்தன. ஓட்டுக்குள்ளால் வெளிச்சம் தெரியும் குஞ்சுகள்.

சில காலத்துக்குப் பிறகு விவசாயத் திணைக்களத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர் பள்ளித் தோட்டம் பார்க்க வந்தார். என் கதை அவருக்கும் எட்டியிருந்தது. நம் கடற்கரைக் காலநிலைக்கு அந்த நத்தைக்குச் சூடே தேவையில்லை, குளிர்நாட்டுக்காரர்தான் அப்படிச் செய்வார்கள் என்று விளக்கினார். ஈரமும் சாப்பாடும் சரியாயிருந்தால் தானாகவே வாயிலைத் திறந்திருக்கும் என்றார்.

"இரிக்கலாம் சேர்," என்றேன். "ஆனா ரெண்டு பக்கமும் விட்டுப் பாத்தன். வாடை நாளையில அதுகள் சூட்டுப் பக்கம்தான் வந்திச்சி."

அவர் புன்னகை செய்துவிட்டுக் கத்தரிப் பாத்தியைப் பார்க்கப் போனார். அன்று மாலை மழை இறங்கியது. நான் வீட்டுக்கு வந்து, கை துடைத்து, சுவிட்சைப் போட்டேன்.