முந்நூற்று எண்பது மீட்டரில் ஒரு மான்

எட்டு வருஷமாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிக் கணக்கு நடத்தி வருகிறேன். குண்டின் நிறை இவ்வளவு, துப்பாக்கியின் நிறை இவ்வளவு, குண்டு இந்த வேகத்தில் முன்னே பாய்ந்தால் துப்பாக்கி எந்த வேகத்தில் பின்னே உதைக்கும்? பிள்ளைகள் நோட்டில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். நிஜத் துப்பாக்கி என்று நான் பார்த்தது பேங்க் வாசலில் செக்யூரிட்டி அண்ணாச்சி மடியில் கிடந்த ஒன்றைத்தான். அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். அப்படிப்பட்ட நான், போன வருஷம் மாசி பங்குனி இரண்டு மாதமும், மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா நல்லது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் கிறுக்குப் பிடித்து அலைந்தேன்.

எங்கள் வீடு சைவம். பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக்கில் முட்டை இருக்குமோ என்று அம்மா மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள், வாங்கியதையும் சாப்பிட மாட்டாள். அந்த வீட்டின் மொட்டை மாடியில் நின்றுதான் இந்தக் கூத்தெல்லாம் நடந்தது.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஜாதகம் போன இடமெல்லாம் பொருத்தம் இருக்கும், நேரில் பார்த்த பிறகு "பொண்ணு எதுத்துப் பேசும் போலிருக்கே" என்று பதில் வரும். அது பொய்யில்லை. இந்த முறை திருவேங்கடம் ஊர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நியூசிலாந்தில் ஒரு பால் பண்ணையில் இன்ஜினியர். லீவுக்குச் சித்திரையில்தான் வருவான். அதுவரைக்கும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று இரண்டு வீட்டிலும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குக் காலை ஆறு மணி என்றால் அவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

முதல் நாள் எதைப் பேசுவது என்று தெரியாமல், "என்ன பண்ணுதீங்க?" என்று கேட்டேன்.

"மான் வேட்டைக்குத் தோட்டா பாத்துட்டு இருக்கேங்க. எத வாங்கன்னு தெரியல. தல சுத்துது" என்றார். உடனே குரல் இறங்கியது. "ஐயையோ. இத உங்க வீட்ல சொல்லக் கூடாதுல்லா?"

சைவ வீட்டுப் பெண்ணாக லட்சணமாக நான் போனை வைத்திருக்க வேண்டும். "மான் எவ்வளவு தூரத்துல நிக்கும்?" என்று கேட்டேன்.

அந்த ஊர் மலைகளில் மான்கள் கணக்கில்லாமல் பெருகிக் கிடக்கின்றனவாம். பண்ணை முதலாளி வருஷா வருஷம் வேட்டைக்குப் போவார், இந்தத் தடவை இவரையும் கூப்பிட்டிருக்கிறார். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அந்தப் பக்கச் சரிவில் நிற்கிற மானைச் சுட வேண்டும். முந்நூறு மீட்டர், நானூறு மீட்டர். ஒரு துப்பாக்கிக்கு ஒரே வகைத் தோட்டாதான் பொருந்தும் என்பதால் முதலில் தோட்டாவை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற துப்பாக்கியை வாங்குவது அங்கே வழக்கம். அவர் முன்னால் மூன்று வகைத் தோட்டாக்கள் இருந்தன. முந்நூற்றெட்டு, பழைய நம்பகமான ஆள். ஆறரை கிரீட்மோர், ஒல்லியானது, மெதுவாக உதைக்கும். முந்நூறு மேக்னம், பெரிய சண்டியர்.

மறுநாள் காலைக்குள் மூன்றுக்கும் கணக்குப் போட்டுவிட்டேன். நானூறு மீட்டர் போக ஆறரைக்கு அரை விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதைக் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் கீழே இழுத்துவிடும். பக்கவாட்டில் சுமாரான காற்று அடித்தால் ஓர் அடி ஒதுங்கும். பாடப்புத்தகத்தில் "காற்றின் தடையைப் புறக்கணிக்க" என்று ஒரு வரி வருமே, அதை வாழ்க்கையில் முதல்முறையாக நான் புறக்கணிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் நுழைந்து பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்திவிட்டு வந்தேன். பாவம், ஒரு பிள்ளை கூட எதிர்த்துக் கேட்கவில்லை.

எண் எல்லாம் சரி, நானூறு மீட்டர் என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும்? அதற்கு எங்கள் வீட்டிலேயே ஆள் இருந்தார். அப்பா ரிட்டயர் ஆன சர்வேயர். திருவேங்கடத்துக் கரிசல் காடு முழுக்கச் சங்கிலி பிடித்து அளந்த மனிதர். கண்ணாலேயே தூரம் சொல்லுவார், தப்பினால் நாலைந்து மீட்டர் தப்பும். அதுவரைக்கும் அவர் தொழிலைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது தினமும் காபி டம்ளரோடு மாடிக்கு வந்து, "அப்பா, அந்தத் தண்ணி டேங்க் எவ்வளவு தூரம்?" என்பேன்.

"முந்நூத்தி எண்பது."

"அங்கன தெரியுதே, செல்போன் டவர்?"

"அது அறுநூறு தாண்டும். ஏட்டி, இடையில பள்ளம் இருந்தா கண்ணு ஏமாத்தும், பாத்துக்கோ." முகமெல்லாம் பல்லாக விளக்கம் சொல்லுவார். அவர் கீழே இறங்கியதும் நான் டேங்குக்கு அடியில் ஒரு மானை நிறுத்திப் பார்த்துக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் நியூசிலாந்துக்காரர் போனில் ஒரு ரகசியத்தை ஒத்துக்கொண்டார். முதலாளியின் துப்பாக்கியில் சுட்டுப் பழகும்போது வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஒரு கணம் முன்னாடியே கண்ணை மூடிவிடுகிறாராம். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லையாம். அந்த நிமிஷம்தான் எனக்கு இந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவு ஆசையாக இருந்தது. கண்ணை மூடுகிறேன் என்று ஒரு ஆண்பிள்ளை தானாக வந்து சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அப்ப மேக்னம் வேண்டவே வேண்டாம்" என்றேன். "உதைக்கு உதை கணக்கிருக்கு. அது ஆறரைய விட ரெண்டு மடங்குக்கு மேல உதைக்கும். கண்ண மூடிட்டுச் சுடுத ஆளுக்குப் பெரிய தோட்டா எதுக்கு? சின்னத வாங்குங்க, கண்ணத் தொறந்து வச்சிட்டுச் சுடுங்க. தூரமா இருந்தா இன்னும் பக்கத்துல போங்க."

"சரி டீச்சர்" என்றார். எவ்வளவு பணிவு!

பங்குனிக் கடைசியில் வேட்டைக்குப் போய்விட்டு வந்தார். "மான் கெடைக்கல" என்று மட்டும் சொன்னார். அதுவரை வீடியோவிலும் முகம் பார்த்துப் பேசுவோம், அதற்குப் பிறகு வெறும் குரல்தான். அந்தப் பக்கம் நெட் சரியில்லை என்றார். நானும் நம்பினேன். எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. இந்த வேட்டைச் சங்கதி மட்டும் வீட்டில் தெரிந்தால் கல்யாணம் அன்றைக்கே நின்றுபோகும். கல்யாணம் முடிந்து விமானம் ஏறும்வரை ரெண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம்.

சித்திரையில் நிச்சயதார்த்தத்துக்கு வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். கூடத்தில் இருபது பேர். நான் காபித் தட்டோடு வந்து அவர் முன்னால் குனிந்தேன். நெற்றி நிறைய விபூதி, பட்டை பட்டையாக. வலது புருவத்துக்கு மேலே மட்டும் வேர்வையில் கலைந்திருந்தது. அங்கே பிறை நிலா மாதிரி ஒரு வெட்டு, இன்னும் சிவப்பு மாறவில்லை.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. துப்பாக்கி மேலே இருக்கிற தொலைநோக்கிக் குழாயின் விளிம்பு, பெரிய தோட்டா உதைக்கிற உதையில் பின்னே வந்து புருவத்தில் இடித்தால் விழுகிற வெட்டு. அதைப் பற்றியே ஒரு நாள் முழுக்கப் படித்து அவருக்குப் பாடம் எடுத்தவள் நான். தலைக்குள் சுர்ரென்று ஏறியது.

"நான் சொன்ன தோட்டாவ வாங்கலையா நீங்க?"

பள்ளிக்கூடத்துக் குரல் அது. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். கூடத்தில் இருபது தலையும் எங்கள் பக்கம் திரும்பின.

"கடையில எல்லாரும் சிரிச்சாங்க" என்றார் அவர், காபியை வாங்காமலே. "சின்னதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்குன்னாங்க. மேக்னம் வாங்கிட்டேன்."

"என்ன தோட்டா?" என்று கேட்டார் அப்பா.

நானே என் கல்யாணத்தைச் சுட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை எழுந்து நின்றார். ஒன்று விடாமல் சொன்னார். மலை, முதலாளி, மான், எங்கள் மாடிக் கணக்கு எல்லாம். அவருடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, "மான் செத்துப்போச்சா?" என்றாள்.

"இல்ல அத்தை. குண்டு எங்க போச்சுன்னே தெரியல. கண்ண மூடிட்டேன். தொறந்தா நெத்தியெல்லாம் ரத்தம். மான் அங்கனயே நின்னு என்னையப் பாத்துட்டு மெதுவாப் போயிட்டு."

"எவ்வளவு தூரம்?" இது அப்பா.

"முந்நூத்தி எண்பது மாமா."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ தினமும் மாடிக்கு வந்து கேட்டது இதுக்குத்தானா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நான் எங்க ஆபீஸ் ஆளுக கிட்டயெல்லாம் சொல்லி வச்சேன். எம் மகளுக்கு இப்பந்தான் என் வேல மேல ஆச வந்திருக்குன்னு." கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. இரண்டு மாதக் காலைகளில் அவர் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

"ஆசதான்ப்பா" என்றேன். "மொதல்ல இல்ல. பெறகு வந்துட்டு. பள்ளம் இருந்தா கண்ணு ஏமாத்தும்னு சொன்னீங்களே, அத நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

அப்பா மாப்பிள்ளையிடம், "தம்பி, மேல வாரும்" என்று சொல்லி மாடிக்கு நடந்தார். இருபது பேரும் கீழே அண்ணாந்து உட்கார்ந்திருந்தோம். மேலே எண்கள் கேட்டன. முந்நூறா? இல்ல வே. ஐந்நூறா? அங்கன பாரும். பத்து நிமிஷம் கழித்து இறங்கி வந்தார்கள்.

"எல்லாத் தூரமும் நாப்பது அம்பது மீட்டர் தப்பாச் சொல்லுதாரு" என்றார் அப்பா, கூடத்துக்குப் பொதுவாக. "ஆனா தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிடுதாரு. தட்ட மாத்துங்க."

அம்மா மட்டும் அவ்வளவு லேசில் விடவில்லை. கோயில் புற்றுமண்ணைக் குழைத்து மாப்பிள்ளையின் வெட்டில் அப்பினாள். "இனிமே துப்பாக்கியத் தொட்டா இந்த வீட்டு வாசல்ல கால் வைக்கக் கூடாது" என்று வாக்கு வாங்கினாள். எனக்கும் சேர்த்துத்தான், கணக்குப் போட்டவளும் கூட்டுக் களவாணியாம். தப்பிப் பிழைத்த மானுக்காக வெள்ளியில் மான் உரு வாங்கிக் கோயில் உண்டியலில் போட வேண்டும் என்று தண்டனையும் விதித்தாள்.

மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேரும் கோயில் வாசலில் உரு விற்கிற கடைக்குப் போனோம். தட்டு நிறையப் பாம்பு, தேள், கண், கை, கால். மான் இல்லை. அந்த ஊரில் மானுக்காக இதுவரை யாரும் வேண்டிக்கொண்டதில்லை போலிருக்கிறது. கடைக்கார அம்மா தேடித் துழாவி இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று கனத்த பெரிய காளை. மற்றது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கன்று, கிட்டத்தில் பார்த்தால் மானாக ஒத்துக்கொள்ளலாம்.

அவர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். ஒருவர், "பெருசா வாங்கும் தம்பி, பலன் கூட" என்றார். இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புற்றுமண் காய்ந்த நெற்றியோடு என்னைப் பார்த்து, "எது?" என்று கேட்டார்.

"சின்னது" என்றேன்.

பெரியதைத் தட்டில் திருப்பி வைத்தார்.