சின்னத்தாயின் முகம்

அண்ணன் பெத்தணன் நாரணாபுரத்தில் காரைவிட்டு இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தபோது, தங்கை சொர்ணலட்சுமி நிலையை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு வந்தீக?"

2006 ஆடி மாதம், சீசன் நேரம். பட்டாசுக் கம்பெனியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். கையில் அலுமினியத் தூள் இன்னும் போகவில்லை.

அம்மா சின்னத்தாய் கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்கும் அறையில் பிடித்த தீயில் செத்தபோது அவனுக்குப் பதினெட்டு, இவளுக்குப் பதின்மூன்று. அடுத்த மாதமே சிற்பம் படிக்கச் சென்னைக்கு ரயிலேறினான். சித்தி வீட்டில் விடப்பட்ட இவளைச் சித்தி கம்பெனிக்கு அனுப்பினாள். இவள் கல்யாணத்துக்கு அவனிடமிருந்து தந்திதான் வந்தது. இப்போது அவன் இரும்பில் செய்யும் பெண் உருவங்கள் டில்லி வரை போகின்றன. எதற்கும் முகம் கிடையாது. அதைத்தான் பத்திரிகைகள் புகழ்ந்தன.

அவன் தேடி வந்தது, பதினேழு வயதில் பட்டாசு லேபிள் தாளின் பின்பக்கம் பென்சிலால் வரைந்த அம்மா படத்தை. அவனுடைய பழைய படங்களில் மிஞ்சியது அது ஒன்றுதான், அதுவும் இவளிடம். அம்மாவுக்குப் போட்டோவும் இல்லை.

"சென்னையில பெரிய கண்காட்சி. ஒரு மாசம் குடு சொர்ணம், பத்திரமாத் திருப்பித் தாரேன்."

"தீபாவளிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு என்னையவும் பத்திரமாத்தானே விட்டுட்டுப் போனீக?"

"அது நான் வரைஞ்சது."

"அம்புட்டுப் பெரிய கைதானே, இன்னொண்ணு வரையுங்க. பெத்தவ மொகம் மறந்தா போச்சு?"

வீம்புக்கு நோட்டை எடுத்தான். நெற்றி வந்தது, கொண்டை வந்தது. கண்ணுக்கு வந்ததும் பென்சில் தடுமாறியது. மூன்று தாள் கிழித்தான். மூன்றிலும் யாரோ ஒருத்தி.

"எனக்கு வரலை" என்றான். குரல் உடைந்திருந்தது. "ஒரு தடவ காட்டு, பாத்துட்டுப் போயிருதேன்."

உள்ளே பெட்டி இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் அந்தத் தீபாவளி முழுக்க பஸ் நிறுத்தத்தில் நின்ற பிள்ளை அவளுக்குள் இன்னும் ஆறவில்லை.

"காட்ட மாட்டேன். பாத்தீகன்னா கண்ணுலயே கொண்டு போயிருவீக."

கதவைச் சாத்தினாள்.

கண்காட்சி அந்தப் படம் இல்லாமலே நடந்தது. அவன் அனுப்பிய கண்காட்சிப் புத்தகத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஐப்பசியில், இத்தனை வருஷம் பெட்டியில் கிடந்த படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சுவரில் மாட்டினாள்.

"யாரு வரைஞ்சது?" என்று கேட்பவர்களிடம், "எங்கண்ணன்" என்பாள். மேலே கேட்டால் எழுந்து போய்விடுவாள்.