கொடுக்காமல் வைத்திருந்த அட்டைகள்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, புதுப்பட்டினத்தில் என் வீட்டுப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில், இருபத்தொரு குழந்தைகளுக்கு வந்த அஞ்சலட்டைகளை ஒளித்து வைத்தேன். ஓராண்டு முழுவதும் அவை அங்கேயே இருந்தன. எழுதியவள் என் மகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொள்வது போல ஆகிவிடும்.

எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. நூலகராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். என் மனைவி, மகள் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். அதன் பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். மகள் ஆசிரியை ஆனாள். எங்கள் ஊருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில் இரண்டு ஆசிரியர்கள் மட்டும் உள்ள சிறிய பள்ளி. அங்கே மூன்றாம் வகுப்பு அவளுடையது. தினமும் சாயங்காலம் அந்தப் பிள்ளைகளின் கதைதான் எங்கள் வீட்டில் ஓடும். யாருக்குப் பல் விழுந்தது, யார் வகுப்புக்குள் நண்டு கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஜப்பானில் ஒரு மீன்பிடி ஊரில் ஓராண்டு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு அவளுக்கு வந்தது. பள்ளியில் விடுப்பு கொடுத்து இடத்தையும் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். கிளம்பும் முன் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தாள். மாதம் ஓர் உறை அனுப்புவாள். உள்ளே ஏழு பிள்ளைகளுக்கு ஏழு அட்டைகள் இருக்கும். அடுத்த மாதம் வேறு ஏழு பேருக்கு. குப்பத்தில் கதவு எண்கள் குழப்பம், தபால்காரர் எல்லாவற்றையும் டீக்கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் நான் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போட்டுடாதீங்கப்பா. அது அவங்க அம்மா போன்ல ஒரு நிமிஷம் இருக்கும், அப்புறம் காணாமப் போயிடும். கையில அட்டையா இருக்கணும்" என்றாள். பதில் எழுதச் சொல்லி யாரும் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது, தோன்றினால் எழுதட்டும் என்றும் சொன்னாள்.

முதல் உறை வந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பினேன். மீன் ஏலம் போடும் மணலருகே வண்டியை நிறுத்தியபோது, என்னுடன் வேலை பார்த்த ஒருவர் எதிரே வந்தார். "என்ன சார், நீங்க இந்தப் பக்கம்? மீனா?" என்று கேட்டார். என் பெண் இங்கேதான் டீச்சர் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லக் கூசியது. அவருடைய பெண் அமெரிக்காவில் இருந்தாள். மீன் சாப்பிடாத நான், "ஆமாம், பக்கத்து வீட்டுல வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றேன். சொன்னதற்காக ஒரு பெண்மணியிடம் சங்கரா மீனும் வாங்கினேன். அட்டைகள் பையிலேயே இருக்க, வீடு திரும்பினேன். பேச்சோடு பேச்சாக, செங்கல்பட்டில் ஒரு பெரிய பள்ளியில் நல்ல ஆசிரியைகளைத் தேடுகிறார்கள் என்று அவர் சொன்னதும் மனதில் தங்கிவிட்டது.

அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அந்த வாரத்தில் அட்டைகளைப் படித்தேன். அதுவும் தவறுதான். ஓர் அட்டையில், "இங்கே கணவாய் மீன்களைத் துணி காயப்போடுவது போலக் கொடியில் வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். காற்றில் அவை ஆடும்போது உன் ஞாபகம் வந்தது. நீயும் வகுப்பில் ஓரிடத்தில் நிற்க மாட்டாயே" என்று எழுதியிருந்தாள். இன்னொன்றில், "இங்கே ஏலத்தில் யாரும் கத்துவதில்லை, விரலை மட்டும் காட்டுகிறார்கள். உன் அம்மா வந்தால் எல்லாரும் பயந்துவிடுவார்கள்" என்று இருந்தது. ஒவ்வோர் அட்டையின் முடிவிலும் அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி. உன் அப்பாவிடம் கேட்டுச் சொல், இந்த மீனுக்கு நம் ஊரில் என்ன பெயர் என்பது போல.

படிக்கப் படிக்க எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு ஒட்டுதல் இருந்தால் திரும்பி வந்ததும் நேரே குப்பத்துக்குத்தான் போவாள், வாழ்நாளெல்லாம் அங்கேயே இருந்துவிடுவாள் என்று தோன்றியது. முதுகலை படித்தவள், வெளிநாடு போய் வந்தவள், ஓட்டுக் கூரைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பா? அந்த நூல் தானாக அறுந்துபோகட்டும் என்று விட்டேன். ஒன்பது உறைகள் வந்தன. நூலகன் அல்லவா, மாத வரிசைப்படி அடுக்கி வைத்தேன்.

அவள் தொலைபேசியில் கேட்பாள். "கொடுத்தீங்களாப்பா? என்ன சொன்னாங்க?" கொடுத்தேன், சந்தோஷப்பட்டார்கள் என்பேன். நான்கைந்து மாதங்களுக்குப் பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். புதுப்பட்டினம் சந்தையில் அந்தப் பிள்ளைகள் சிலர் தாய்மாரோடு எதிர்ப்படுவார்கள். பள்ளி விழாக்களில் பார்த்து என்னை அவர்களுக்குத் தெரியும். நின்று பார்ப்பார்கள், ஒன்றும் கேட்க மாட்டார்கள். பிள்ளைகள்தானே, மறந்துவிட்டார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மே மாதக் கடைசியில் மகள் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் வந்ததும் தன் செருப்பைக் கழற்றி வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். பக்கத்திலிருந்த என் செருப்பையும் திருப்பி வைத்தாள். தொலைபேசியில் பேசும்போதும் தலை குனிந்து வணங்கினாள். பேருந்து நிலையத்தில் எல்லாரும் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்று இரண்டு வண்டிகளைத் தவறவிட்டாள். மூன்றாவது வண்டியின் நடத்துநர், "இன்னாமா, கோயிலுக்கு வந்தா மாரி நின்னுகினு கீற? ஏறு" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ரசத்தைத் தட்டிலேயே ஊற்றிக் குடித்தாள். வீடு மறுபடி வீடாயிற்று. செங்கல்பட்டுப் பள்ளி விஷயத்தையும் மெதுவாகச் சொல்லி வைத்தேன். "பார்க்கலாம்பா" என்றாள்.

பள்ளி திறந்த அன்று ஒரு பை நிறைய பென்சில்களோடு குப்பத்துக்குப் போனாள். ஒரு வாரம் கழித்து வேலையில் சேர வேண்டும், அதற்கு முன் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் போனாள். மத்தியானமே திரும்பிவிட்டாள்.

"பென்சிலை ரெண்டு கையால வாங்கிட்டு 'தேங்க்யூ மிஸ்'னாங்கப்பா. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட சொல்ற மாதிரி. கையவே விடாம தொங்கிட்டு இருப்பாளே ஒருத்தி, அவ தூணுக்குப் பின்னாடி போய் நின்னுட்டா. ஒருத்தர் கூட ஒரு வார்த்தை பேசல." சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் வரை அறையிலேயே இருந்தாள். பிறகு ஒரு காகிதத்தோடு வந்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் எழுதும் கடிதங்களை நான்தான் பார்த்துத் திருத்துவேன். "பிழை இருக்கான்னு பாருங்கப்பா" என்று நீட்டினாள்.

ராஜினாமாக் கடிதம். "குழந்தைகளின் அன்புக்கு உரியவளாக நான் நடந்துகொள்ளவில்லை என்பதை உணர்ந்து இப்பணியிலிருந்து விலகுகிறேன்" என்று ஒரு வரி. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை. "நாளைக்குப் பார்க்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பது உறைகளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். ஏலம் முடிந்து பெண்கள் கூடையில் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அன்று சங்கரா வாங்கிய பெண்மணியே முன்னால் உட்கார்ந்திருந்தார். தூணுக்குப் பின்னால் ஒளிந்த சிறுமியின் தாய் அவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"டீச்சரு நைனாவா? இன்னா, சங்கரா வோணுமா?"

வேண்டாம் என்று சொல்லி, பையைத் திறந்து காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களும் கையை நிறுத்திக் கேட்டார்கள்.

"அன்னிக்கு மீன் வாங்கினு போனியே, அப்பவே இத்து பையில இருந்திச்சா?" என்று அவர் கேட்டார்.

"இருந்தது."

"தூ, இன்னா மன்சன்யா நீ" என்றார் இன்னொருவர். எனக்கு அது வேண்டியதுதான்.

பிள்ளைகள் ஒருமுறை கூட என்னிடம் கேட்கவில்லையே, மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன் என்றேன். அதைக் கேட்டதும்தான் அந்தச் சிறுமியின் தாய்க்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"மறக்கறதா? தெனம் எங்க உசுர எட்த்துதுங்க. நாங்கதான் வாய மூடுன்னு சொல்லி வச்சோம். தண்ணி தாண்டிப் போனவங்கள எப்ப வருவாங்கன்னு கேக்கக் கூடாது சாரு. எங்க ஆம்பளைங்க கடலுக்குப் போனா நாங்க கேப்போமா? கரைக்கு வந்து அவங்களா பேசற வரைக்கும் நாம பேசக் கூடாது. டீச்சரு வந்து நின்னப்போ புள்ளைங்க அதத்தான் செஞ்சிதுங்க. அவங்களா பேசட்டும்னு நின்னுதுங்க."

அவர்கள் அவள் பேசக் காத்திருந்தார்கள். அவளோ அறுபத்து மூன்று அட்டைகளில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். இரண்டுக்கும் நடுவில் நான் அலமாரியைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பையை அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

"உன் பொண்ணாண்ட சொல்ட்டியா?"

"இன்னும் இல்லை."

"மொதல்ல அத்த சொல்லு. அப்பால வந்து இத்த குடு. அதுக்கு தெரியாம நாங்க வாங்கினா, நாங்களும் உன்கூட சேந்து திருடுனாப்போல." அதோடு கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பையைக் கட்டிலில் வைத்துச் சொன்னேன். அவள் ஓர் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தன் கையெழுத்தை அடையாளம் தெரியாதவள் போல வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாமேவா?"

"எல்லாம்."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"என் மேல என்னப்பா கோபம் உங்களுக்கு?"

"கோபம் இல்லம்மா. பயம். நீ அங்கேயே தங்கிடுவியோன்னு."

"ஜப்பான்லயா?"

"குப்பத்துல."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறுபடி கேட்க விரும்பவில்லை. "நான் அங்க ஒவ்வொரு மாசமும் போஸ்ட் ஆபீஸ்ல நின்னு அட்டை பொறுக்குவேன்பா. யாருக்கு எந்தப் படம்னு. அரை நாள் ஆகும்" என்றாள். பிறகு என் மேசையிலிருந்த ராஜினாமாக் கடிதத்தை எடுத்து நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். "திங்கக்கிழமை நீங்களும் வாங்க. நீங்களே கொடுங்க."

திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்றேன். இப்போது நான்காம் வகுப்பு. கொடுக்காமல் வைத்திருந்தது நான்தான், டீச்சர் உங்களை ஒரு நாளும் மறக்கவில்லை என்று சொல்லி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துக் கையில் கொடுத்தேன். ஒரு பையன் எழுந்தான். "மிஸ், ஒரு நாள் ஹோம்வொர்க் கொண்டாரலன்னாலே எங்கள வெளிய நிக்க வெப்பீங்க. தாத்தா ஒரு வருசம் கொண்டாரல."

வகுப்பு என் மகளைப் பார்த்தது. அவள் கதவைப் பார்த்தாள். நான் வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் மணி அடிக்கும் வரை நின்றேன். உள்ளே அட்டைகளைச் சத்தமாகப் படிப்பதும், "எங்க அம்மா ஏலத்துக்கு வந்தா அவங்கல்லாம் பயந்துடுவாங்களாம்டா" என்று ஒரு குரல் பெருமையடிப்பதும், எல்லாரும் ஒரே நேரத்தில் மீன்களின் பெயரைச் சொல்வதும் கேட்டன. நடுவே என் மகளின் குரல். ஒரு வாரமாக வீட்டில் நான் கேட்காத குரல். பாதிப் பாடத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்த அந்தச் சிறுமி ஓடிவந்து, "தாத்தா, தண்ணி குடிச்சியா? மிஸ் கேக்க சொன்னாங்க" என்றாள்.

மகள் அந்தப் பள்ளியிலேயே இருக்கிறாள். என்னோடு தேவைக்கு மட்டும் பேசிய நாட்கள் இரண்டு மாதம் இருக்கும். அந்த ஜப்பான் ஊரில் அவளிடம் படித்த மாணவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிய கடிதங்களை அவளே தபால் நிலையத்துக்கு எடுத்துப்போனாள். தீபாவளிக்குப் பிறகு ஒருநாள், அவசரமாகக் கிளம்பும்போது, "அப்பா, இதைப் போஸ்ட் பண்ணிடுங்க" என்று ஓர் உறையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் நடந்தே போய் அனுப்பிவிட்டு ரசீது வாங்கி வந்து மேசையில் வைத்தேன். அவள் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

இருபத்தொரு பேரில் ஒரு பையன் மட்டும் அந்தத் திங்கட்கிழமை இல்லை. அவன் குடும்பம் படகு வேலை தேடி ஆந்திரப் பக்கம் போய்விட்டது. குப்பத்தில் விசாரித்து இரண்டு முகவரிகளுக்கு அவனுடைய மூன்று அட்டைகளையும் அனுப்பினேன், இரண்டு முறையும் திரும்பி வந்தன. சென்ற தை மாதம் நானே பேருந்து ஏறிப் போய் ஒரு துறைமுகத்தில் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது இருக்கும். தன் டீச்சர் தன்னை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு எங்கோ ஒரு கரையில் வளர்ந்துகொண்டிருக்கிறான், என் மகள் என்னை மன்னித்த பிறகும் அவனிடம் போய் உண்மையைச் சொல்லும் வேலை எனக்குப் பாக்கி இருக்கிறது.