பழப்புளியால் கழுவிய குத்தூசி

1. முதல் நாள்

வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே ஒரு தோல் பட்டறை இருந்தது. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் சங்கக்கடையில் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தவன் நான். லண்டனுக்கு அகதியாக வந்து ஒரு வருடம் பெற்றோல் ஸ்ரேசனில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று அலுத்துப்போயிருந்தேன். பட்டறை வாசலில் ‘ஆள் தேவை’ என்று எழுதியிருந்ததைக் கண்டு உள்ளே போனேன். தோல் வேலை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் செருப்புப் போடத் தெரியும் என்பதுதான்.

பட்டறைக்குச் சொந்தக்காரி ரீட்டா. அவவுக்கும் எனக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். பேசுவது கிழக்கு லண்டன் ஆங்கிலம். அவ சொன்னதில் எனக்கு விளங்கியதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். விளங்காததுதான் அதிகம், அதை எழுத வழியில்லை.

முதல் நாள் அவ என்னிடம் கேட்ட முதல் சாமான்: “பாஸ் மீ தி ஓல்.”

ஓல் என்றால் எல்லாம். மேசையில் கிடந்த கத்தி, சுத்தியல், முள்ளுமுள்ளான இரும்பு, மெழுகுக் கட்டி, நூல் உருண்டை எல்லாவற்றையும் ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு போய் அவவுக்கு முன்னால் வைத்தேன்.

“இதெல்லாம் என்னத்துக்கு?” என்று கேட்டா.

“யூ செட் ஓல்.”

அவ என்னைப் பார்த்தா, தட்டைப் பார்த்தா. பிறகு தட்டிலிருந்து ஒரு சின்ன மரப்பிடி போட்ட குத்தூசியை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தா. “இதுதான் ஓல்.” தோலில் துளை போடும் ஊசிக்கும் ‘எல்லாம்’ என்பதற்கும் ஒரே உச்சரிப்பு என்று அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்குப் போய் அகராதியில் ‘ஓ’ எழுத்தின் கீழ் தேடினேன். இல்லை. அந்தச் சொல் ‘ஏ’யில் தொடங்குமென்று யார் கண்டது?

அடுத்த நாள் ‘அயன்’ கேட்டா. முந்தின நாள் பட்ட பாடு போதும் என்று, பின்னறையில் இருந்த துணி தேய்க்கிற அயனை வயரோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். அவ கேட்டது, தையல் விழ வேண்டிய இடங்களைச் சுத்தியலால் தட்டி அடையாளம் போடுகிற முள்ளு இரும்பை. அந்தக் கிழமை முழுக்கத் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு திரிந்தேன்.

2. கைக்கு எந்த ஊசி

கத்தியும் இரும்பும் பட்டறைக்குப் பொது. குத்தூசி மட்டும் அவரவருக்குச் சொந்தம். ரீட்டா ஒரு பெட்டி நிறையப் பழைய ஊசிகளைக் கொட்டி, “ஒண்டை எடு” என்றா.

நான் நீளமான, பளபளப்பான ஒன்றை எடுத்தேன். மத்தியானத்துக்குள் உள்ளங்கை கொப்பளித்துப்போனது. துளைகள் ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது. தோல் கூடாத தோல் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

“பிடியின்ர குமிழ் உள்ளங்கைக் குழியில இருக்கவேணும். அலகு விரல் நுனிக்கு வெளியால கொஞ்சம்தான் தெரியவேணும். இது உனக்கு நீளம்,” என்றா ரீட்டா.

கடைசியில் என் கைக்குச் சரியாக வந்தது, பெட்டியிலேயே வடிவில்லாத, பிடியில் ஒரு துண்டு உடைந்த ஊசிதான். அதன் அலகு வட்டமில்லை. குறுக்கே பார்த்தால் சாய்சதுரம், நாலு விளிம்பும் கூர். குத்தும்போது கை சற்றுத் திரும்பினாலும் துளை சரிந்துவிடும். துளை சரிந்தால் தையல் சரியும். இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு தையல் ஊசியால் நூல் இழுக்கும்போதும் குத்தூசியை வலக்கையிலிருந்து கீழே வைக்கக் கூடாது. அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே சோறு குழைத்துச் சாப்பிடச் சொன்ன மாதிரி இருந்தது. மூன்று கிழமை ஒவ்வொரு தையலுக்கும் குத்தூசியைக் கீழே போட்டேன். நாலாவது கிழமை ஒரு நாள், அது கையிலேயே இருக்கிறது என்பதை ரீ குடிக்கப் போனபோதுதான் கவனித்தேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை யாரிடமும் சொல்லவில்லை.

3. வீட்டில் சொல்லாதது

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. என் மனைவி வதனா, நான் பட்டறையில் சேர்ந்து ஒரு வருடம் கழித்துத்தான் லண்டனுக்கு வந்தா. கடிதத்தில் நான் ‘பாக் செய்கிற இடத்தில் வேலை’ என்றுதான் எழுதியிருந்தேன். அவ சீலைப் பை என்று நினைத்துக்கொண்டா. நானும் திருத்தவில்லை. வந்த இரண்டாம் நாள் என் கோட்டை மணந்து பார்த்துவிட்டு நின்றா.

“இஞ்சருங்கோ, இது தோலெல்லே மணக்குது?”

“ஓம்.”

“படிச்ச மனுசன். உங்களுக்கு வேற வேலையே கிடைக்கேல்லை?”

ஊரில் தோல் வேலை செய்தவர்களை எங்கள் ஆட்கள் படலைக்கு வெளியே நிறுத்திப் பேசியவர்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை, இருந்ததைச் சொல்கிறேன். அப்படி நிறுத்திவைத்த வீடுகளின் பிள்ளைகள்தான் நாங்கள் இருவரும். வதனா ஒரு ஒழுங்கு வைத்தா. என் குத்தூசியும் சின்னச் சாமான்களும் ஒரு பிஸ்கட் ரின்னில் மாடிப்படியில் இருக்க வேண்டும். நான் குளித்துவிட்டுத்தான் சமைக்கிற குசினிக்குள் கால் வைக்க வேண்டும். நான் மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிருந்தது, பிடித்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. எது சரி என்று எனக்கே விளங்கவில்லை.

4. ஆறு கேஸ்

அந்தப் புரட்டாதியில் பட்டறைக்கு ஒரு ஓடர் வந்தது. கட்டடப் படம் வரைகிற ஒபிஸ் ஒன்றுக்கு ஆறு டொக்குமென்ற் கேஸ். சாயம் போடாத, சந்தன நிறத் தோல். ஒரு புள்ளி விழுந்தாலும் தெரியும். வெட்டியது போக இன்னும் ஒரே ஒரு கேஸுக்குத்தான் தோல் மிச்சம்.

ரீட்டா என்னைக் கூப்பிட்டா. “இந்த ஆறையும் நீயே தனியாத் தை. சரியா வந்தா இந்த பெஞ்ச் உனக்கு நிரந்தரம். வராட்டி வேற ஆளைத்தான் எடுக்கவேணும், கோவிக்காதை, ரெண்டு பேருக்கு வேலை குடுக்க என்னால ஏலாது.”

பெற்றோல் ஸ்ரேசன் கண்ணாடிப் பெட்டி என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அதே கிழமையில்தான் சரஸ்வதி பூசை. வதனா அறை மூலையில் சரஸ்வதி படத்தை வைத்து, புத்தகங்களை அடுக்கினா. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னா, “உங்கட சாமானையும் கொண்டு வந்து வையுங்கோ.”

நான் காதில் விழுந்தது சரிதானா என்று யோசித்தேன். ஏன் என்று கேட்டால் மனம் மாறிவிடுவா என்ற பயத்தில் ரின்னைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்க்கிறேன், தட்டத்தில் குத்தூசியும் மற்றச் சாமான்களும் புதுசு மாதிரி மினுங்கிக்கொண்டிருக்கின்றன. சந்தனம், குங்குமம், மேலே ஒரு பூ. விஜயதசமி காலை அவற்றை எடுத்து, சந்தனத்தைத் துடைத்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

5. கறுப்புப் பொட்டு

முதல் கேஸைத் தொடங்கினேன். அந்தத் தோலைச் சற்று ஈரமாக்கித்தான் வேலை செய்வோம். கை அன்றைக்கு நன்றாக ஓடியது. ஒரு பக்கம் முடித்து ரீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு கறுப்புப் பொட்டு. எறும்பு வரிசையாகப் போன மாதிரி.

ரீட்டா ஓடி வந்தா. “உன்ர கையில என்ன?”

கையில் ஒன்றும் இல்லை. கழுவிக் காட்டினேன். நூல் என்றா, நூலை மாற்றினோம். மெழுகு என்றா, மெழுகை மாற்றினோம். தண்ணீரை மாற்றினோம். மறுபக்கமும் பொட்டு. இரண்டாவது கேஸில் ஒரு மூலையைத் தொட்டேன், அங்கேயும் பொட்டு. குத்தூசியை ரீட்டா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. கண்ணாடி மாதிரி இருந்தது. “இதில பிழை இல்லை,” என்று திருப்பித் தந்தா.

இரண்டு கேஸ் போய்விட்டது. மிச்சத் தோல் ஒன்றுக்குத்தான் காணும்.

“நாளைக்கு என்னெண்டு தெரியாட்டி நான் ஓடரை வேற பட்டறைக்குத்தான் குடுக்கவேணும்,” என்றா ரீட்டா. அவவுக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வழியெல்லாம் மனம் பேய் பிடித்த மாதிரி அலைந்தது. தோல் குத்துகிற ஊசியைக் கொண்டுபோய் சரஸ்வதிக்கு முன்னால் வைத்தேனே, அவ கோவித்துக்கொண்டாவோ? பூசைக்கு வைத்ததால்தான் இப்படியா? கூடாது என்றால் வதனா ஏன் கேட்டா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். ஒரு முடிச்சும் நிற்கவில்லை.

6. குசினியில்

வதனா என் முகத்தைப் பார்த்ததும், “என்ன, வேலை போயிட்டுதே?” என்றா.

நடந்ததைச் சொல்லி, கொண்டுவந்த வெட்டுத்துண்டைக் காட்டினேன். அவ கை நீட்டி அதை வாங்கினா. தோலை அவ தொட்டது அதுதான் முதல் தடவை. லைற்றுக்குக் கீழே பிடித்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தா.

“இது வாழைப்பூக் கறை மாதிரியெல்லே கிடக்கு. இரும்புக் கத்தியால வெட்டினா இப்பிடித்தான் கறுக்கும். கத்தியில புளி பட்டிருந்தாச் சொல்லத் தேவையில்லை...”

அவ பூசை வைத்த மூலைப் பக்கம் திரும்பிப் பார்த்தா.

“எதால கழுவினனீர்?” என்று கேட்டேன்.

“பழப்புளியாலதான். பித்தளை விளக்கு மினுக்கிறமாதிரி தேச்சுப்போட்டு, ஈரத்தோடதான் வச்சனான்.”

வெட்டுத்துண்டை நனைத்து ஊசியால் குத்தினேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, துளையைச் சுற்றிக் கறுப்பு மெல்ல ஊறி வந்தது. பிறகு ஊசியை எமரிக் கடதாசியால் நன்றாகத் தேய்த்து, தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து, மறுபடி குத்தினேன். பொட்டு வரவில்லை. பத்துத் துளை போட்டோம். பத்தும் சுத்தம்.

7. ரீட்டாவுக்கு விளக்கம்

மறுநாள் காலையில் இதை ஆங்கிலத்தில் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மனைவி கழுவினா, புளியால், கடவுளுக்காக. ‘ஃபோர் கோட்’ என்றேன்.

“ஆட்டுத் தோலுக்கோ?” என்றா ரீட்டா. என் உச்சரிப்பில் கடவுளும் ஆடும் ஒன்றாகப் போய்விட்டன. அன்றைக்கு அவவின் முறை, முழிப்பதற்கு.

கடைசியில் செய்து காட்டினேன். ரீட்டா தலையில் அடித்துக்கொண்டா. அந்தத் தோல் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. பட்டைச் சாறு இரும்பைக் கண்டால் கறுக்கும். புளி இரும்பைக் கொஞ்சம் கரைத்து அலகிலேயே விட்டுவிட்டது. “எனக்குத் தெரிஞ்ச விசயம்தான். ஊத்தை ஊசி எண்டாச் சந்தேகப்பட்டிருப்பன். இது மினுங்கிச்சுதே!”

மிச்சத் தோலில் ஒன்று தைத்தேன். அது சுத்தமாக வந்ததைப் பார்த்த பிறகு, ஆறாவதுக்குத் தோல் தேடி ரீட்டா தொலைபேசியில் அரைநாள் மன்றாடினா. ஆறும் போய்ச் சேர்ந்தன. பெஞ்ச் எனக்கு வந்தது. பதினாறு வருடம் அதில் இருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து, குளிக்காமல், குசினி வாசலில் நின்றுகொண்டே கேட்டேன். “இஞ்சாரும், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையும். மினுக்கவெண்டே கழுவினனீர், இல்லாட்டித் தீட்டுக்கோ?”

அவ அடுப்பைக் குறைத்தா.

“தீட்டுக்குத்தான். விளக்கு மாதிரி எண்டு சொன்னது பொய். சுவாமிக்கு முன்னால வைக்கவும் ஆசையாக் கிடந்தது, அப்பிடியே வைக்கப் பயமாவும் கிடந்தது. மூண்டு தரம் கழுவினனான்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் முழுக்க நானும் வீட்டுக்கு வருகிற வழியில், பார்க்கில் இருந்த குழாயில் ஒவ்வொரு நாளும் மூன்று தரம் கை கழுவிவிட்டுத்தான் வந்தேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை, ஒருவரும் பார்க்கவும் இல்லை. அதை அன்றைக்குத்தான் அவவிடம் சொன்னேன். அவ சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, “உள்ளுக்கு வந்து சாப்பிடுங்கோ, ஆறுது,” என்றா.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். குத்தூசியைக் கண்ணால் பார்த்து எடுக்காதீர்கள், கையில் பிடித்துப் பார்த்து எடுங்கள். உருக்கில் புளியோ தேசிக்காய்ச் சாறோ தண்ணீரோ படவிடாதீர்கள், எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். எங்கள் ஊசியில் அழுக்கு இருக்கவில்லை. நாங்கள்தான் அதைக் கழுவிக் கறை பிடிக்க வைத்தோம்.