ரெடிமேட் வீரனுக்கு என் முகம்

ஆம்பூரில் தோல் ஃபினிஷிங் செக்‌ஷனில் ஷேடு பார்ப்பது என் வேலை. ட்யூப்லைட்டில் நிறம் ஏமாற்றும். அதனால் தோலையும் மாதிரித் துண்டையும் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்த்தான் ஒப்பிடுவோம். அண்ணனின் லேப்டாப்பில் ஒரு வாள்சண்டை கேமுக்கு என் வீராங்கனையை உருவாக்கியபோதும் அதே பழக்கம். லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், திரையோரம் என் கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் ஒரு மண்ணும் தெரியவில்லை. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரிக்கட்டும். உள்ளே வந்து பொறுமையாகச் செய்தேன். என் கருப்பு, என் சப்பை மூக்கு, தாடையில் இருக்கும் தழும்பு, எல்லாம் வந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் "கலர் கம்மி" என்று சொல்லிப் போன அதே கூடத்தில், என்னை மாதிரியே ஒருத்தி ஊர் ஊராக ஜெயித்தாள். எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவளைக் காணோம். அந்த கேமில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். அண்ணன் அவளை அழித்துவிட்டு, கேமிலேயே தயாராக இருந்த சிவந்த வீரனை வைத்து ஆடிக்கொண்டிருந்தான்.

"இன்னா மூஞ்சி அது? ரெடிமேட்லயே சூப்பரா ஒருத்தன் இருக்கான், அவன விட்டுட்டு!"

பாவி, உனக்கு இருக்குடா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

கடைசிச் சண்டையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தோஸ்துகளைக் கூப்பிட்டிருந்தான். அவன் பிரியாணி வாங்கப் போன நேரத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். கடைசிக் கோட்டைக்கு வெளியே, ஆளையே மாற்றிவிடும் மந்திரவாதி ஒருத்தி உண்டு. அந்தச் சிவப்பனை அவள்முன் நிறுத்தி, அப்படியே என்னைப் போல மாற்றினேன். தழும்பைக்கூட மறக்கவில்லை. பிறகு கோட்டைக்குள் நுழைந்தேன். பின்னால் கதவு மூடியது. இனி வெளியே வந்து மந்திரவாதியிடம் போக வழியில்லை. சேமித்தேன்.

அண்ணன் கேமைத் திறந்ததும் தோஸ்துகள் திரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "டேய், இது உன் தங்கச்சிடா!"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "ஏண்டி இப்டி பண்ண?"

"ரெடிமேடுன்னா ஆல்ட்ரேஷன் பண்ணித்தான் போடணும்ணா. ஆடு."

வேறு வழி? வேர்க்க விறுவிறுக்க ஆடி ஜெயித்தான். கோட்டையே மண்டியிட, என் கருத்த நெற்றிக்கு மேல் கிரீடம் ஏறியது. தோஸ்துகள் விசிலடித்தார்கள். கலர் கம்மி என்று ஒருத்தனும் சொல்லவில்லை. நான் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்த லெக்பீஸை எடுத்துத் தின்றேன்.