சூசையம்மா வெள்ளை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது மறதி வேறு. எங்கேயாவது தடம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாடியில் ஜெனி என்றொரு பெண் குடியிருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை. நேற்று துணி காயப்போடப் போனபோது கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். மேக்ரோ என்று ஒன்று செய்கிறாளாம். ஒரு பெயரைச் சொன்னால் பத்து வேலையைத் தானாகச் செய்து முடிக்குமாம். எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்குச் சில விவரம் மட்டும் நாம் கொடுக்க வேண்டுமாம்.

"சேந்து வர்றதையெல்லாம் ஒரு கூட்டா வச்சுட்டேன் ஆச்சி. ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராதது ரெண்டு இருக்கு. யாராச்சும் ரெண்டையும் சேத்துக் கொடுத்துட்டா என்ன செய்யன்னு தெரியாம முழிக்கும்" என்றாள்.

என் கையிலிருந்த ஈரச் சேலையில் போர்வெல் தண்ணீரின் உப்பு வாசம். அது என்னை நேரே பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருந்த எங்கள் கரைக்குக் கொண்டுபோய்விட்டது. வெள்ளைக்காரன் போய்ச் சில வருடம் ஆகியிருக்கும். எனக்கு ஒன்பது வயசு.

அப்போது வள்ளமெல்லாம் கரைக்குத் தெரிகிற தூரத்தில்தான் வலை விடும். கரையில் ஒரு பனந்தூண் நட்டிருந்தது. அதில் சிவப்புத் துணி ஏறினால் 'வா'. வெறும் வா இல்லை. வலையை உள்ளே இழுத்து வாங்கு, பாயை ஏற்று, பாம்பனில் மீன் கொடுக்க நிற்காதே, நேராகக் கோயிலடிக்கு வா என்று இத்தனையும் அந்த ஒரு துணிக்குள் இருந்தது. வெள்ளை ஏறினால் 'வராதே': கரையில் அலை அடிக்கிறது, அங்கேயே நில். எந்த வள்ளத்துக்குச் சேதியோ அந்த வீட்டு அடையாளத் துணி கீழே தொங்கும். எங்களுடையது அய்யாவின் பழைய கைலிச் சாரத்தில் கிழித்த நீலக் கட்டம்.

துணிகளை ஓலைப்பெட்டியில் வைத்துக் காத்தவர் சூசையம்மாள் பெரியம்மா. உறவில்லை, கரைக்கே பெரியம்மா. பெட்டியைத் திறந்தால் கருவாடும் மூக்குப்பொடியும் சேர்ந்து மணக்கும். வெள்ளைத் துணியே பாதி பழுப்புதான்.

தம்பி அம்மா வயிற்றில் இருந்தான். நாள் ஆகும் முன்பே ஒரு முற்பகலில் வலி கண்டுவிட்டது. பிரசவம் பார்க்க வந்தவர், "தல திரும்பல. மத்தியான ரயிலுக்கே ராம்நாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க" என்றார். அம்மாவோ கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மனுசன் வராம நான் பாலத்தத் தாண்ட மாட்டேன்."

சின்னம்மா என்னைத் தள்ளினார். "ஏ புள்ள, ஓடு. செவப்பக் கட்டு."

பெரியம்மா தண்ணீருக்குப் போயிருந்தார். காலையில் ஏற்றிய வெள்ளையை, அலை தணிந்ததென்று இறக்கிப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார். இதை நன்றாகக் கவனியுங்கள், இறக்கி மடித்து வைத்திருந்தார். நான் நீலக் கட்டத்தைக் கட்டினேன், சிவப்பைக் கட்டினேன். திரும்பிப் பார்த்தால் என் கண்ணுக்கு அலை இன்னும் மோதுகிறது. இதில் வந்து வள்ளம் கவிழ்ந்தால்? பக்கத்து ஆணியில் வெள்ளையையும் கட்டினேன். இரண்டும் உண்மைதானே. கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

கடலில் எங்கள் பாய் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வள்ளம் நின்ற இடத்திலேயே நின்றது.

"வாராரா?" என்று உள்ளேயிருந்து அம்மா.

"வாராருக்கா, வாராரு" என்றார் சின்னம்மா. மூன்றாம் முறை அம்மாவின் குரல் தேய்ந்துபோயிருந்தது. சின்னம்மா வெளியே வந்து தூணைப் பார்த்தார். "எந்தக் கூறுகெட்டவ ரெண்டையும் தொங்கவிட்டா?" ஓடிப்போய் வெள்ளையைப் பிடுங்கினார். உடனே பாய் விரிந்தது.

அய்யா தொப்பலாக வந்து சேர்ந்தார். "'வா'ங்குது, 'வராத'ங்குது. நான் என்னத்தச் செய்ய?" அம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரயில் நகரும்போதுதான் ஏற்றினார்களாம். விளக்கு வைக்கிற நேரத்தில் தம்பி பிறந்தான். அம்மாவும் பிழைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் தூணடியில் கூடினார்கள். காலையில் ஏற்றிய வெள்ளையை அவர் இறக்க மறந்துவிட்டார் என்றுதான் கரை முழுக்கப் பேச்சு. பெரியம்மா தலை குனிந்து நின்றார். "எறக்குனேன்னுதான் நெனச்சேன். நெனப்பு நிக்க மாட்டேங்குது." நான் சின்னம்மா முதுகுக்குப் பின்னால் பாவாடை நுனியை மென்றுகொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

பெரியம்மாவே இரண்டு ஆணியையும் பிடுங்கச் சொல்லி, உடைந்த கிணற்று உருளையின் கொக்கி ஒன்றை அடிக்கச் சொன்னார். "இனிமே இதுல ஒண்ணுதான் ஏறும். அடுத்ததப் போடணும்னா மொதத் துணியக் கழட்டியே ஆகணும்."

"அடையாளத் துணி?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"அது கீழ கயித்துல. எத்தன வேணாலும் தொங்கட்டும்."

"வா, ஆனா இங்கன வராத, பாம்பனுக்கு வான்னு சொல்லணும்னா?" என்றார் சின்னம்மா.

"அது தனிச் சேதி. அதுக்கு மஞ்சத் துணி."

அன்று எனக்கு வேண்டியிருந்தது அந்த மஞ்சள்தான்.

கொக்கிக் கதையை மட்டும் ஜெனிக்குச் சொன்னேன். சிரித்துவிட்டு வேலையில் குனிந்துகொண்டாள்.

பிறகு எஞ்சின் போட்டுகள் வந்தன. கரை தெரியாத தூரம் போயின. இப்போது கடலுக்குப் போகிறவர்கள் மடியில் போன் இருக்கிறது. தூண் நின்ற இடத்தில் கடல் நிற்கிறது. பெரியம்மாவும் இல்லை. மிஞ்சியது ஒரு பேச்சு. யாராவது எதையாவது மறந்தால் எங்கள் கரையில் "சூசையம்மா வெள்ளை" என்பார்கள். நானே பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். மஞ்சளா பச்சையா, கிணற்று உருளைதானா என்பதெல்லாம் எனக்கு உறுதியில்லை. அந்தப் பேச்சு இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இருந்தால் அங்கே என் பெயரை மாட்டிவிடுங்கள். முதலில் அவர் பெயரைக் கழற்றிவிடுங்கள். கொக்கி ஒன்றுதான்.