பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

சிதம்பரத்தில் என் டிராவல்ஸ் கடையைச் சோழர் காலத்திலிருந்து ஆண்டு வருவது ஒரு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்.

இன்று அது ஆமையாக ஊர்ந்ததால், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

“மாமா, இதுக்கு அப்டேட் நின்னு வருஷக்கணக்காவுது. எவன் வேணா உள்ள பூந்துடுவான். இதுல என்னா வச்சிருக்கீங்க?”

“பரங்கிப்பேட்டையிலேருந்து வெளிநாடு போனவங்க பாஸ்போர்ட் காப்பி அத்தினியும்.”

“பாதுகாப்புக்கு?”

“வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறேனே!”

“அது ஒண்ணுதான் மாமா இருக்கு.”

பாய்ந்து நெட் வயரைப் பிடுங்கினேன்.

“ஏற்கெனவே எவனாவது எடுத்துட்டிருந்தா?”

“அது தெரியாது மாமா.”

நாளை புது கம்ப்யூட்டர் வருகிறது. பிடுங்கிய வயரை இன்னும் கையிலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள் கடையில் பொட்டைத் தவிர வேறென்ன பாதுகாப்பு? சத்தியமாகச் சொல்லுங்கள்.